எம்98-இல் உடையும் லோக்கல் வேரியபிள்

சிஎன்சி இயந்திரங்களை இயக்கும் ஃபேனக் கன்ட்ரோலில் #1 முதல் #33 வரை லோக்கல் வேரியபிள்கள், அதாவது ஓடும் புரோகிராம் தன் மதிப்புகளைப் போட்டுவைக்கும் இடங்கள். ஜி65 போட்டு மேக்ரோவை (வேரியபிள்களை வைத்துக் கணக்குப் போடும் துணை புரோகிராமை) அழைக்கும் ஒவ்வொரு முறையும் இவை புதிதாகக் கிடைக்கும். அழைப்பு வரியில் மதிப்போடு கொடுத்த எழுத்துகளுக்கு உரியவை தவிர மற்றதெல்லாம் காலி. மேக்ரோவை முடித்துத் திரும்பச் சொல்லும் எம்99 வந்ததும் அவை அழிந்துபோகும், அழைத்த புரோகிராமின் பழைய மதிப்புகள் அப்படியே திரும்ப வரும். மெயின் புரோகிராம் லெவல் 0; அங்கிருந்து 4 லெவல் வரை உள்ளே போகலாம்.

சப் புரோகிராமைச் சாதாரணமாக அழைக்கும் எம்98-இல் இந்த லெவல் மாறாது. சப் புரோகிராம் எடுப்பதும் அழைத்த புரோகிராமின் அதே #1-தான். வெளியே வைல் லூப்பில் துளைகளை எண்ண #1-ஐ வைத்திருக்கிறீர்கள், சப் புரோகிராமும் தன் கணக்குக்காக #1=0 என்று தொடங்குகிறது என்றால் லூப் முடியவே முடியாது; டூல் ஒரே துளையில் திரும்பத் திரும்ப இறங்கும். ஒரு வேரியபிளைத் தொடும் சப் புரோகிராம் எதுவானாலும் ஜி65-இல் அழைப்பதே நல்லது. விடை வெளியே வர வேண்டுமானால் #100 வரிசையில் போடுங்கள்; பவர் போனாலும் நிற்க வேண்டுமென்றால் #500 வரிசை.

அழைப்பில் கொடுக்கும் எழுத்துகளின் வரிசையும் அவை போய்ச் சேரும் வேரியபிள்களின் எண் வரிசையும் ஒத்துப்போகாது. ஏ, பி, சி முறையே #1, #2, #3. அதன்பின் ஐ, ஜே, கே #4, #5, #6. எஃப் #9, ஹெச் #11, ஆர் #18, எக்ஸ் #24, ஒய் #25, இசட் #26. ஐ-யை இரண்டாவது முறை எழுதினால் அது #7-க்குப் போய்விடும். ஐ, ஜே, கே இதே வரிசையில், தலா ஒரு தடவை மட்டும் எழுதுங்கள்.

தசமப் புள்ளி வைக்க மறந்தால் ஆபத்து. பாராமீட்டர் 3401-இன் அமைப்பைப் பொறுத்து, அழைப்பில் எக்ஸ்50 என்று எழுதினால் #24-க்குள் 0.05 போகும். மேக்ரோவுக்குள் #24=50 என்று எழுதினாலோ அது 50-தான். அழைப்பில் எக்ஸ்50. என்று புள்ளியோடு எழுதுவதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம்விட அதிகம் ஏமாற்றுவது காலி மதிப்பு. அழைப்பில் ஆழம் விட்டுப்போனால் டூலை இறக்கும் ‘ஜி01 இசட்#26’ வரியில் இசட்டையே கன்ட்ரோல் கண்டுகொள்ளாது. டூல் இறங்காமலே அடுத்த வரிக்குப் போகும், அலாரமும் வராது. அதையே ‘இசட்[#18-#26]’ என்று கணக்காக எழுதியிருந்தால் காலி 0 ஆகிவிடும், டூல் #18-இல் உள்ள மதிப்புக்கு நகரும். ‘இஃப்[#26 ஈக்யூ 0]’ காலியைப் பிடிக்காது. ‘இஃப்[#26 ஈக்யூ #0]’ பிடிக்கும்; ஈக்யூ என்றால் ‘சமமா’, #0 எப்போதும் காலியாகவே இருக்கும் வேரியபிள். மேக்ரோவின் முதல் வரியிலேயே இந்தச் சோதனையை வைத்து, காலியாக இருந்தால் அலாரம் எழுப்பும் #3000=1 இருக்கும் வரிக்குத் தாவ விடுங்கள். 3001 அலாரத்தோடு, அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதிய செய்தியும் திரையில் வரும்.

அலாரம் வந்தவுடன் ரீசெட்டில் கை வைக்க வேண்டாம். பாராமீட்டர் 6001-இன் 7-ஆம் பிட் 0 ஆக இருந்தால் ரீசெட் அடித்ததும் லோக்கல் மதிப்புகள் அழிந்துவிடும். முதலில் மேக்ரோ பக்கத்தைத் திறந்து எந்த எண் காலியாக இருக்கிறது என்று பாருங்கள், அழைத்த வரியோடு ஒப்பிடுங்கள், பிறகு ரீசெட்.