திரும்பி வந்த பாட்டில்

எடின்பரோவில் கோட்டைக்கு ஏறிப்போகும் தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் ஒரு விஸ்கிக் கடை. அங்கே நான் வேலைக்குச் சேர்ந்து 9 ஆண்டு ஆகிறது. காலை 10 மணிக்கு முன்பும் இரவு 10 மணிக்குப் பின்பும் கடைகளில் மது விற்கக்கூடாது என்பது ஸ்காட்லாந்துச் சட்டம். நாங்கள் 9 மணிக்கே வந்துவிடுவோம். அலமாரி துடைப்பது, ருசி பார்க்கத் தரும் கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்ப்பது என்று அந்த ஒரு மணி நேரம் போய்விடும். சேர்ந்த இரண்டாம் ஆண்டில் ஒரு நாள், கதவைத் திறந்த கையோடு ஒரு பெரியவர் உள்ளே வந்தார். கையில் துணிப்பை. அதிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் கல்லாவுக்கு முன்னால் வைத்தார்.

பார்த்ததுமே தெரிந்தது. மூன்று நாளைக்கு முன் நான் விற்ற பாட்டில். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று வந்து, "புகை வாசனை நன்றாகத் தூக்கலாக இருக்கும் ஒன்றைக் கொடு" என்று கேட்டிருந்தார். அப்போது எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். எந்தச் சரக்கில் புகை எண் அதிகம் என்று அட்டையைப் பார்ப்பேன், எடுத்துக் கொடுப்பேன். ஸ்காட்லாந்தின் மேற்கே இருக்கும் ஐலாத் தீவின் தென்கரையில் வடித்த ஒன்றைக் கொடுத்திருந்தேன். பாட்டிலில் ஒரு மடக்குதான் குறைந்திருந்தது.

"குறை சொல்ல வரவில்லை, சரக்கு நல்ல சரக்குதான்" என்றார். "ஆனால் மூடியைத் திறந்ததும் என் மனைவி கடைசியாகப் படுத்திருந்த வார்டின் வாசனை வந்தது. என்னால் குடிக்க முடியவில்லை."

முதலாளி பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். பெரியவர் வாங்க மறுத்துவிட்டார். அவர் கிளம்பும்போதுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது: "புகை என்று சொன்னபோது எந்தப் புகையை மனதில் வைத்துச் சொன்னீர்கள்?" அவர் கொஞ்ச நேரம் நின்றார். சின்ன வயதில் விடுமுறைக்குப் போகும் தாத்தா வீடு, வடமேற்கில் ஒரு தீவு, அங்கே கணப்பில் நாள் முழுக்கக் கனன்றுகொண்டிருக்கும், பீட் என்ற சதுப்பு மண் கட்டி, மறுநாள் காலையில் அதன் சாம்பல். அந்தப் புகை. ஆர்க்னித் தீவுகளில் வடித்து 12 ஆண்டு பீப்பாயில் வைக்கும் ஹைலேண்ட் பார்க் 12-இல் ஒரு சொட்டு ஊற்றிக் கொடுத்தேன். முகர்ந்தார், தலையை அசைத்தார், அதை வாங்கிக்கொண்டு போனார். முதல் பாட்டிலை எங்களிடமே விட்டுவிட்டார். மூன்று நாளைக்கு முன்பே இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அந்த மனிதரை நான் அந்த வார்டுக்குத் திரும்ப அனுப்பியிருக்கமாட்டேன். இன்றுவரை அது என் மனதை அறுக்கிறது.

அந்தக் கோடையில் விடுப்பு எடுத்துக்கொண்டு ஐலாவுக்குப் போனேன். கென்னக்ரெய்க்கில் கப்பல் ஏறினால் போர்ட் எலன் துறைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தீவை நெருங்கும்போது கரையோரம் ஆலைகளின் வெள்ளைச் சுவர்கள் தெரியும். ஆர்ட்பெக், லகவூலின், லஃப்ரோய்க் என்று கடலிலிருந்தே படிக்கிற அளவுக்குப் பெரிய கறுப்பு எழுத்தில் பெயர். துறையிலிருந்து பொமோர் ஊருக்குப் போகும் சாலையின் இருபுறமும் சதுப்பு நிலம், அதில் வெட்டி அடுக்கிக் காயவைத்த பீட். ஒரு கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வெயிலில் காய்ந்த மேல்பக்கம் வரட்டி போல லேசாக இருந்தது. அடிப்பக்கத்தில் இன்னும் ஈரம். விரலால் அழுத்தினால் களிமண் போல அமுங்கியது. பிய்த்துப் பார்த்தால் உள்ளே வேரும் தண்டும் நார் நாராகத் தெரிந்தன. பாசியும் புதரும் செத்து, தண்ணீரில் மூழ்கிக் காற்றுப் படாமல் பாதி மட்கிக் கிடப்பதுதான் பீட். நீலகிரியின் உச்சிச் சதுப்புகளிலும் இது இருக்கிறது. ஆண்டுக்கு சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு மீட்டர் ஆழம் வெட்டினால் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டை வெட்டுகிறோம்.

அங்கே வெட்டுவதற்கும் இங்கே கிளாஸில் வாசனை வருவதற்கும் நடுவில் இருக்கும் கதையை நான் பொமோர் ஆலையில் பார்த்தேன். 1779-இல் தொடங்கியது என்று சொல்லும் பழைய ஆலை. பார்லியை ஊறவைத்துத் தரையில் பரப்பி முளைகட்டும் பழைய முறையை நான் போனபோதும் ஓரளவுக்கு விடாமல் வைத்திருந்தார்கள். முளைத்த பார்லியை ஈரம் காயுமுன் உலைக்கு மேலே இருக்கும் தளத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டி, கீழே பீட்டை மூட்டுகிறார்கள். நெருப்பு கொழுந்துவிட்டு எரியக்கூடாது. புகை மட்டும் எழும்பும்படி அமுக்கி வைக்கவேண்டும். தானியத்தில் ஈரம் இருக்கும்வரைதான் புகை நன்றாக ஒட்டும். காய்ந்துவிட்டால் பிறகு எவ்வளவு மூட்டினாலும் ஏறாது. எங்கள் ஊரில் சாம்பிராணி போடும்போது தணல்மேல் தூவி விசிறுவார்களே, கொழுந்து வந்தால் வாசனை கெட்டுவிடும் என்று. எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

அந்தப் புகைக்கு வாசனை தரும் பீனால் சேர்மங்கள் தானியத்தில் எவ்வளவு ஏறியிருக்கின்றன என்பதைத்தான் பிபிஎம் என்று, பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று எண்ணாகச் சொல்கிறார்கள். இங்கேதான் நான் ஏமாந்தேன். அந்த எண் முளைகட்டிக் காயவைத்த பார்லியின் எண். பாட்டிலுக்குள் இருக்கும் சரக்கின் எண் அல்ல. அரைத்து ஊறவைக்கும்போது கொஞ்சம் போகும், செப்பு வாலையில் வடிக்கும்போது இன்னும் போகும், பீப்பாயில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும்போது மீதியும் குறைந்துகொண்டே வரும். ஒரே ஆலையின் இளைய சரக்கில் புகை முகத்தில் அடிக்கும்; வயதான சரக்கில் அது அடங்கி ஓரமாக உட்கார்ந்திருக்கும். லகவூலின் 8-ஐயும் 16-ஐயும் அடுத்தடுத்து ஊற்றிப் பார்த்தால் யாருக்கும் புரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. லகவூலினும் கல் ஈலாவும் ஒரே நிறுவனத்தின் ஆலைகள். இரண்டுக்கும் போர்ட் எலனில் பார்லியை முளைகட்டிக் காயவைக்கும் கூடத்திலிருந்துதான் பார்லி போகிறது, புகை அளவும் 35 பிபிஎம் என்று கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் ருசி ஒன்றா? இல்லவே இல்லை. லகவூலின் கனமானது, கருப்பட்டிப் பாகு போல இறங்கும். புகை கடைசிவரை கூடவே வரும். கல் ஈலா மெலிசு, எலுமிச்சைத் தோல் போலச் சுத்தமான வாசனை, புகை மேலாக மிதந்துபோகும். லகவூலினின் வாலைகள் பேரிக்காய் போலப் பருத்தவை, நிதானமாக வடிப்பார்கள். கல் ஈலாவின் வாலைகள் பெரியவை, உயரமானவை. ஆவி செம்போடு அதிகம் பழகி இலேசாகிறது. வடியும்போது எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள் என்பதும் முக்கியம். கனத்த புகை வாசனைகள் ஓட்டத்தின் கடைசியில்தான் அதிகம் வரும். சீக்கிரம் நிறுத்தினால் ஒரு ருசி, இன்னும் கொஞ்சம் ஓடவிட்டால் வேறு ருசி. ஐலாவின் ப்ரூக்லாடி ஆலையில் ஆக்டோமோர் என்று ஒன்று வடிக்கிறார்கள். அதில் ஒரு பதிப்புக்கு 309 பிபிஎம். அதைக் குடித்தவர்கள் பலரும் ஆர்ட்பெக்தான் மூக்கில் அதிகம் ஏறுகிறது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் மூக்கை நான் நம்புகிறேன்.

ஐலா என்றாலே புகைதான் என்ற எண்ணத்தையும் விட்டுவிடவேண்டும். அதே தீவின் புன்னஹாவன் 12-இல் புகை இல்லையென்றே சொல்லலாம்.

இப்போதெல்லாம் புகை வேண்டும் என்று யார் வந்தாலும் அலமாரிப் பக்கம் திரும்புவதற்கு முன்பே இரண்டு விஷயம் கேட்டுவிடுவேன். எந்த வாசனை பிடிக்கும், எந்த வாசனை ஆகவே ஆகாது. இரண்டாவது பதில்தான் எனக்கு அதிகம் உதவுகிறது. டிஞ்சர், கட்டுத்துணி, கார்பாலிக் சோப்பு ஆகாது என்றால் லஃப்ரோய்க் பக்கமே போகமாட்டேன், எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும். அந்த மருந்து வாசனைதான் சிலருக்கு உயிர். அவர்களுக்கு அதைவிட்டால் வேறு கிடையாது. தார், கரி, அணைத்த விறகடுப்பு பிடிக்கும் என்றால் ஆர்ட்பெக் 10. இனிப்போடு சேர்ந்த புகை வேண்டுமென்றால் கடைசி மூன்று ஆண்டு ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாயில் கிடந்த பொமோர் 15. உலர்திராட்சையைப் புகையில் காட்டி எடுத்தது போல இருக்கும். இதுவரை ஜானி வாக்கர் ப்ளாக் லேபிள் மட்டும்தான் குடித்திருக்கிறேன், அதில் அடியில் ஏதோ ஒன்று பிடிக்கிறது என்பவர்களுக்குக் கல் ஈலா 12-ஐ ஊற்றிக் கொடுப்பேன். அந்தக் கலவையில் அவர்களுக்குப் பிடித்த புகைக்குக் கல் ஈலாவும் ஒரு காரணம். முகர்ந்ததும் "இதுதான், இதுதான்" என்று அவர்கள் கண் விரிவதைப் பார்ப்பதற்காகவே இந்த வேலையில் இருக்கலாம்.

போன மார்கழியில் மதுரையிலிருந்து வந்த இளம் தம்பதி. என் பெயர்ப்பட்டையைப் பார்த்ததும் பையன் தமிழிலேயே ஆரம்பித்துவிட்டான்.

"அண்ணே, மாமனாருக்கு ஒண்ணு வாங்கணும். புகை வாசனையா இருக்கணும்னு சொல்லிவிட்டாரு. எங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"அவர் விரும்பிச் சாப்பிடறது என்ன?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "அப்பாவுக்கா? கருவாட்டுக் குழம்புன்னா உசுருண்ணே. மிளகு ரசம் தினமும் வேணும். இனிப்பு தொடவே மாட்டாரு."

வேறென்ன யோசிக்க? ஸ்கை தீவின் டாலிஸ்கர் 10. உப்புக் காற்று, அளவான புகை, விழுங்கியதும் தொண்டையில் மிளகு. 45.8 சதவீதம் என்பதால் கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஐஸ் வேண்டாம், குளிர்ந்தால் வாசனை உள்ளே போய்விடும் என்று சொல்லி அனுப்பினேன். பொங்கலுக்கு மறுநாள் அந்தப் பையன் செய்தி அனுப்பியிருந்தான்: மாமனார் பாட்டிலைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாராம்.

முழுப் பாட்டில் வாங்கத் தயங்குகிறவர்களிடம் நான் கட்டாயப்படுத்துவதில்லை. 5 சென்டிலிட்டர் குப்பி இரண்டு மூன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். கடைக்கு அதில் லாபம் குறைவு. இருந்தாலும் புகைச் சரக்கை ஒரே முறை ருசித்துவிட்டு முடிவு செய்யக்கூடாது. முதல் நாள் புகை மட்டும்தான் தெரியும். வேறு எதையும் மூக்கு பார்க்காது. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் மூக்கு பழகியபின் புகைக்குப் பின்னால் இருக்கும் பழமும் கடலும் ஒவ்வொன்றாக வெளியே வரும். பொறுமையாக, கொஞ்சமாக. அவசரமாக ஊற்றிக் குடிப்பவருக்கு இந்தச் சரக்கு எதையும் காட்டாது.

பெரியவர் விட்டுப்போன பாட்டில் இன்னும் எங்கள் பின்னறையில் இருக்கிறது. கடைக்குப் புதிதாக யார் சேர்ந்தாலும் அதிலிருந்து ஒரு சொட்டும், லகவூலின் 16-இல் ஒரு சொட்டும் ஊற்றி வைப்பேன். அட்டையில் இருக்கும் சொற்களைச் சொல்லக்கூடாது, உன் வீட்டில் இருந்த வாசனையைச் சொல், உன் மொழியிலேயே சொல் என்பேன். போன மாதம் போலந்துப் பெண் ஒருத்தி சேர்ந்தாள். பெரியவரின் கிளாஸை முகர்ந்து உடனே தள்ளி வைத்துவிட்டாள். லகவூலினை மட்டும் நெடுநேரம் மூக்கருகிலேயே வைத்திருந்தாள். பிறகு எனக்குப் புரியாத ஒரு சொல்லைச் சொன்னாள். கிறிஸ்துமஸுக்கு அவள் பாட்டி காய்ச்சும் பானத்தில் போடுகிற, புகையில் உலர்த்திய ப்ளம் பழமாம்.

நான் அதைக் கண்டதில்லை என்றதும் மறுவாரம் ஒரு காகிதப் பொட்டலத்தில் நாலு பழம் கொண்டுவந்தாள். கறுத்துச் சுருங்கி, புளி போலப் பிசுபிசுவென்று இருந்தது. ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு லகவூலினை ஒரு வாய் எடுத்தேன். இந்தச் சரக்கை எத்தனை ஆண்டாக ஊற்றிக் கொடுத்திருப்பேன். இதில் பழம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மீதி மூன்று பழத்தை ஒரு சின்னக் கண்ணாடி ஜாடியில் போட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். இனிப்புப் புகை என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு முதலில் அதைத்தான் முகரக் கொடுக்கிறாள்.