ஜூலிக்கு எத்தனை கிராம்?

எங்கள் வீட்டு ஜூலியைப் பார்க்கிற எல்லாரும் ‘பொமரேனியன்’ என்றுதான் சொல்வார்கள். எங்களுக்குக் கொடுத்தவரும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். அவளுக்குத் தினமும் எவ்வளவு சாப்பாடு வைப்பது என்று கணக்குப் போட உட்கார்ந்தபோது இந்தப் பெயரே முதல் சிக்கலாக வந்து நின்றது. இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டு அட்டவணைகளில் பொமரேனியன் என்றால் வளர்ந்த நாயே 2, 3 கிலோதான். நம் ஊரில் அந்தப் பெயரில் வளர்வது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். அதில் சின்ன வகையே 5 முதல் 7 கிலோ வரை இருக்கும். அந்த அட்டவணைப்படி வைத்தால் எங்கள் வீட்டு நாய் பாதிப் பட்டினியாகக் கிடக்கும்.

சரி, டாக் ஃபுட் பாக்கெட்டின் பின்பக்கம் இருக்கிறதே என்று திருப்பினால், 5 முதல் 10 கிலோ எடையுள்ள நாய்க்கு 90 முதல் 150 கிராம் என்று போட்டிருந்தது. 90-க்கும் 150-க்கும் நடுவில் எங்கே நிற்பது? அந்த அட்டவணை ஓடியாடும் நாயையும் மனதில் வைத்துப் போட்டது. ஜூலி ஓடுவது கறிக்காரர் மணி அடிக்கும்போது மட்டும்தான். அதுவும் வாசல் வரை.

அயனாவரத்திலிருந்து வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரி பக்கம் என்பதால் வருஷா வருஷம் தடுப்பூசிக்கு அங்கேதான் போவோம். இந்த முறை ஊசிக்கு முன்னால் எடை போட்டபோது 7.4 கிலோ. பழைய சீட்டைப் புரட்டிய டாக்டர், “போன வருஷம் ஆறேகால்தான் இருந்திருக்கு. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு அப்புறம் சாப்பாட்டைக் குறைச்சீங்களா சார்?” என்று கேட்டார். அந்த ஆபரேஷன் ஆன நாய்க்கு உடம்புக்குத் தேவையான கலோரி குறைந்துவிடும், பசி மட்டும் கூடும் என்று அவர் விளக்கினார். கொஞ்சம் அநியாயமான ஏற்பாடுதான்.

அவர் காட்டித் தந்த ஒரு விஷயம் எனக்கு எல்லாக் கணக்கையும்விட உபயோகமாக இருக்கிறது. ஸ்பிட்ஸ் நாய்க்கு முடி இரண்டு அடுக்கு. கண்ணால் பார்த்தால் ஒல்லியும் குண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். “முடியைப் பார்த்து ஏமாந்துடாதீங்க, உள்ளே கையை விட்டுப் பாருங்க” என்று என் விரல்களைப் பிடித்து ஜூலியின் விலாவில் வைத்தார். அப்புறம் என் கையைவைத்தே பாடம் எடுத்தார். முஷ்டியை மடக்கி விரல் முட்டிகள் மேல் தடவினால் மேடு பள்ளமாகக் குத்துகிறதே, விலா அப்படி இருந்தால் நாய் இளைத்திருக்கிறது. கையை விரித்துப் புறங்கையைத் தடவினால் லேசான சதைக்கு அடியில் எலும்பு தட்டுப்படும். அதுதான் சரியான நிலை. உள்ளங்கையின் அடிச்சதை மாதிரி எலும்பைத் தேட வேண்டியிருந்தால் கொழுப்பு கூடிவிட்டது. ஜூலி மூன்றாவது வகை. மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கவேண்டும், பக்கவாட்டில் அடிவயிறு ஏறியிருக்கவேண்டும். குளிப்பாட்டி முடி நனைந்திருக்கும்போது இதைப் பார்ப்பது சுலபம்.

டாக்டர்கள் இதற்கு 9 புள்ளி அளவு ஒன்று வைத்திருக்கிறார்கள். 4, 5 என்றால் சரி. 5-க்கு மேல் ஒவ்வொரு புள்ளிக்கும் ஏறத்தாழ பத்து சதவீதம் கூடுதல் எடை என்று எடுத்துக்கொள்வார்களாம். ஜூலிக்கு 7 போட்டார். இருபது சதவீதம் கூடுதல் என்றால் 7.4-ஐ 1.2-ஆல் வகுக்கவேண்டும், ஆறு கிலோவும் கொஞ்சமும் வரும். ஆறு என்றே வைத்துக்கொள்ளச் சொன்னார். சாப்பாட்டுக் கணக்கை இப்போதைய எடைக்குப் போடாமல் இந்த ஆறுக்குத்தான் போடவேண்டும்.

கணக்கு பார்க்கத்தான் பயமுறுத்தும். எடையை அதனாலேயே இரண்டு முறை பெருக்கி, அதற்கு வர்க்கமூலம், அந்த விடைக்கு இன்னொரு வர்க்கமூலம் எடுத்து, 70-ஆல் பெருக்கவேண்டும். மளிகைக் கடை கால்குலேட்டரே போதும். 6 × 6 × 6 = 216. ஒரு முறை மூலம் எடுத்தால் 14.7, மறுபடி எடுத்தால் 3.83. அதை 70-ஆல் பெருக்கினால் 268. சும்மா படுத்திருந்தாலும் ஆறு கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் கலோரி இது. ஆபரேஷன் ஆன வளர்ந்த நாய் எடை கூடாமல் குறையாமல் இருக்க இதை 1.6-ஆல் பெருக்குவது வழக்கம். எடை குறைக்கவேண்டும் என்றால் பெருக்கவே வேண்டாம். ஆக ஜூலிக்கு 270 கலோரி. இளைத்துப்போன நாய்க்கும் குட்டிக்கும் கணக்கே வேறு. குட்டிகளுக்கு நாலு மாதம் வரை மூன்று மடங்கு, அதற்குப் பிறகு இரண்டு மடங்கு என்று போகும், அதனால் இதைப் பார்த்து யாரும் குட்டிக்கு அளக்கவேண்டாம்.

அடுத்தது, அவள் இப்போது எவ்வளவு சாப்பிடுகிறாள் என்று கண்டுபிடிப்பது. காலையும் ராத்திரியும் ஒரு தம்ளர் டாக் ஃபுட் என்பது எங்கள் வீட்டு வழக்கம். சமையலறைக்கு டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி, ஆளாளுக்கு அதே தம்ளரில் அள்ளச் சொன்னேன். நான் அள்ளினால் 40 கிராம். அம்மா அள்ளினால் 48. மகள் கோபுரமாகக் குவித்து 61 கொண்டுவந்தாள். ஒரே தம்ளர்தான்! அந்த உணவில் 100 கிராமுக்கு 365 கலோரி. எனக்கும் மகளுக்கும் உள்ள 21 கிராம் வித்தியாசமே 75 கலோரிக்கு மேல், அதாவது ஜூலியின் ஒரு நாள் சாப்பாட்டில் கால் பங்குக்கு மேல். அன்றோடு தம்ளர் போய்விட்டது.

டாக் ஃபுட் தவிர மற்றதை ஒரு வாரம் ஃபிரிட்ஜ் கதவில் காகிதம் ஒட்டி எழுதச் சொன்னேன். அப்பா காலை டீயோடு மேரி பிஸ்கட் கொடுப்பார். அம்மா முதல் ஈடு இட்லியில் ஒன்றைப் பிட்டு வைப்பாள். மத்தியானம் கொஞ்சம் தயிர்சாதம். ஒரு மேரி பிஸ்கட் சுமார் 25 கலோரி. “ஒரு பிஸ்கட்தானேடா” என்றார் அப்பா. 270-இல் 25 என்றால் ஒன்பது சதவீதத்துக்கு மேல். இரண்டாயிரம் கலோரி சாப்பிடுகிற மனுஷனுக்கு அது மூன்று இட்லி. அப்படிச் சொன்னதும் அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை, ஏனென்றால் அவர் கொடுத்துக்கொண்டிருந்தது நாலு பிஸ்கட். எல்லாம் கூட்டிப் பார்த்தபோது தினமும் 550 கலோரி பக்கம் போய்க்கொண்டிருந்தது.

எல்லோரும் முதலில் கைவைப்பது டாக் ஃபுட்டில்தான். டாக்டர் அதை வேண்டாம் என்றார். அதில்தான் கால்சியம், வைட்டமின் எல்லாம் கணக்காகச் சேர்த்திருக்கிறார்கள். அதைப் பாதியாக்கிவிட்டு இட்லியையும் சாதத்தையும் வைத்திருந்தால் எடை குறையும், சத்தும் குறையும். வெளிச் சாப்பாடு மொத்தம் பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது அவர் விதி. கடைசியில் வந்து நின்ற அளவு இது: டாக் ஃபுட் 65 கிராம், அதாவது 237 கலோரி. தோலில்லாமல், உப்பு மசாலா இல்லாமல் வேகவைத்த கோழிக்கறி 8 கிராம், சுமார் 13. மீதி இருக்கிற இருபதில் அப்பாவுக்கு அரை பிஸ்கட். அந்த அரையை அவர் நாலாக உடைத்து நாலு தடவை கொடுக்கிறார். ஜூலிக்கு எண்ணிக்கைதான் முக்கியம், அளவு இல்லை என்பது அவர் கண்டுபிடிப்பு. எனக்கும் அது சரி என்றே படுகிறது.

சாம்பார் சாதத்தை எடையைப் பார்க்காமலேயே நிறுத்தியாகிவிட்டது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த சிவப்பணுக்களைக் கெடுக்கும். திராட்சையும் சாக்லேட்டும் வீட்டில் எட்டாத உயரத்துக்குப் போயின.

முதல் இரண்டு வாரம் கஷ்டம்தான். காலி தட்டை மூக்கால் தள்ளிக்கொண்டே ஹாலுக்குக் கொண்டுவருவாள். விடியற்காலையில் மஞ்சளாக நுரை நுரையாக வாந்தி எடுத்தாள். வயிறு ரொம்ப நேரம் காலியாக இருந்தால் பித்தம் மேலேறி இப்படி வரும் என்று டாக்டர் சொல்லி, அதே 65 கிராமை மூன்று வேளையாகப் பிரிக்கச் சொன்னார். ராத்திரிப் பங்கைப் பத்து மணிக்குத் தள்ளினோம். வாந்தி நின்றது. தட்டு நிறைந்த மாதிரி தெரிய வேகவைத்த பீன்ஸ், வெள்ளரிக்காய்த் துண்டு சேர்த்தோம். கேரட்டைத் தனியாகப் பொறுக்கித் துப்புவாள்.

எடை குறைவது வாரத்துக்கு ஒன்று, இரண்டு சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். ஜூலிக்கு அது 75 முதல் 150 கிராம். அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டு எடை மெஷினில் ஏறி என் எடையைக் கழிக்கிற வித்தை இதற்கு உதவாது. அந்த மெஷின் 100 கிராம் அங்கே இங்கே காட்டும். குழந்தை எடை பார்க்கிற தட்டையான மெஷினை அக்கா வீட்டிலிருந்து வாங்கி வந்தேன். ஞாயிறு காலை, சாப்பாட்டுக்கு முன்னால், வெளியே போய் வந்த பிறகு என்று நேரமும் ஒன்றாக வைத்துக்கொண்டோம்.

சித்திரையில் தொடங்கியது. நன்றாக இறங்கிக்கொண்டே வந்த எடை ஆனி மாதத்தில் அப்படியே நின்றுவிட்டது. வீட்டில் யாரும் கூடக் கொடுக்கவில்லை. சாயங்கால நடைக்கு அவளைக் கூட்டிப்போவது மகள். ஒரு நாள் பின்னாலேயே போனேன். முனை டீக்கடை வந்ததும் ஜூலி தானாக உட்கார்ந்தாள். கடைக்காரர் கண்ணாடி ஜாடியைத் திறந்து ஒரு பொறை எடுத்துப் போட்டார். “குழந்தை ஆசையா பாக்குது சார்” என்றார். பொறை ஒன்று வாங்கி வந்து எடை போட்டேன், 15 கிராம். ரஸ்க் கணக்கில் பார்த்தால் 60 கலோரி பக்கம். அவர் மனசு நோகவேண்டாம் என்று, மகள் இப்போது வீட்டிலிருந்தே நாலு உருண்டை டாக் ஃபுட் எடுத்துப்போய் அவர் கையில் கொடுக்கிறாள். அவர் அதைப் போடுகிறார். அந்த நாலும் அந்த 65 கிராமுக்குள் அடக்கம்.

ஆவணியில் 6.1 வந்தது. விலாவில் கைவைத்தால் புறங்கை மாதிரி இருக்கிறது. இனி எடை அப்படியே நிற்க எவ்வளவு வைப்பது? 268-ஐ 1.6-ஆல் பெருக்கினால் 429. அதற்கு உடனே தாவாமல் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 5, 5 கிராமாக ஏற்றிப் பார்த்தேன். 350 கலோரியிலேயே எடை நின்றுவிட்டது. அதைத் தாண்டினால் ஏறுகிறது. சூத்திரம் சொல்வது சராசரி. ஒரே எடையுள்ள இரண்டு நாய்களுக்குள் பாதிக்குப் பாதி கூட வித்தியாசம் இருக்கலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். எங்கள் வீட்டு ஆள் 1.3-இல் அடங்குகிற ஆள். இப்போது டாக் ஃபுட் 85 கிராம், கறி, அப்பாவின் பிஸ்கட். ஆம், பிஸ்கட் அரையிலிருந்து மறுபடி பாதி நாள் முழுசாகிவிட்டது. அதைக் கணக்கில் எழுதிவிடுகிறார் என்பதால் நான் ஒன்றும் சொல்வதில்லை.

போன மாதம் வழக்கமான பாக்கெட் கிடைக்காமல் வேறொன்று வாங்கினோம். அதில் 100 கிராமுக்கு 400 கலோரி. அதே 85 கிராம் போட்டால் தினமும் 30 கலோரி கூடிப்போகும். பழைய 85 கிராமில் இருந்த 310 கலோரியை 400-ஆல் வகுத்து, நூறால் பெருக்கி, 78 கிராம் என்று டப்பா மூடியில் மார்க்கரால் எழுதி ஒட்டியிருக்கிறேன். பழைய பாக்கெட் திரும்பக் கிடைத்தால் அடித்துவிட்டு மறுபடி 85.