மகாகஸ்தோட்டை ஏற்றத்துக்கு முன்

ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவுக்கு வருகிறவர்கள் பலர் பூக்களையும் குதிரைப் பந்தயத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். எங்கள் குழுவுக்கோ, 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார் ஓட்டப் போட்டிதான் சீசன். கொழும்பில் சீராக ஓடிய பழைய கார்பரேற்றர் (காற்றையும் பெற்றோலையும் கலக்கும் பாகம்) எஞ்சின், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில், காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால், பெற்றோல் மிகுந்து, இழுவை குன்றிக் கரும்புகை கக்கும். மெக்கானிக் அண்ணன் கார்பரேற்றரில் பெற்றோலை அளந்து விடும் துளையான ஜெட்டைச் சிறியதாக மாற்றி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நுனியில் படிந்த கரியைப் பார்த்த பிறகே, "சரி தம்பி, இனி ஏறலாம்" என்றார்.

ஒவ்வொரு காரும் தனியாகக் கடிகாரத்துடனேயே போட்டியிடுவதால், முந்திச் செல்லும் சாமர்த்தியத்துக்கு இங்கு வேலையில்லை. தேயிலைச் சரிவை ஒட்டிய ஈர வளைவில் பின்சக்கரம் வழுக்கியதில் அரைச் செக்கன் போயிற்று. ஆனாலும் எங்கள் கார்ப் பிரிவில் மூன்றாமிடம் கிடைத்தது.