அக்கா மகள் மேல் போட்ட திருட்டு வழக்கு: 305இலிருந்து 303க்கு

கோவையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் அக்கா மகள் ஒரு மாலை போன் செய்து, "மாமா, அப்பாகிட்ட சொல்லிடாதீங்க" என்றுதான் ஆரம்பித்தாள். பெரிய கடையொன்றில் ஃபேஸ் சீரமும் காஜலும் பைக்குள் போட்டுக்கொண்டு, பில் போடாமல் வெளியே வரப் பார்த்திருக்கிறாள். வாசலில் அலாரம் அடித்துவிட்டது. மொத்த விலை 1,340 ரூபாய். ஏன் எடுத்தாய் என்று நான் கேட்கவில்லை. அதை அவள் அம்மா பார்த்துக்கொள்வாள்.

நான் போனபோது, கடையின் பின்பக்கம் அட்டைப்பெட்டிகள் அடுக்கிய அறையில் அவளை உட்கார வைத்திருந்தார்கள். மேஜையில் ஒரு வெள்ளைத்தாள். அடியில் மட்டும் அவள் கையெழுத்து. மேலே அவர்கள் எழுதிக்கொள்வார்களாம். பத்தாயிரம் கட்டினால் விட்டுவிடுவோம், இல்லையென்றால் காலேஜுக்கு போட்டோ போகும் என்றார் மேனேஜர். இப்படி ஒரு அபராதம் போட எந்தக் கடைக்கும் சட்டத்தில் அதிகாரம் கிடையாது. பொருளுக்கான பணத்தை வேண்டுமானால் தருகிறேன், அதற்குமேல் ஒரு பைசா கிடையாது என்று சொல்லிவிட்டு, தாளை வாங்கிக் கிழித்தேன். அவர் கோபத்தில் ஸ்டேஷனுக்கு போன் போட்டார். கேட்டதைக் கொடுத்துத் தொலைத்திருக்கலாமே என்று மச்சான் இன்றைக்கும் குறைபடுகிறார். கொடுத்திருந்தாலும் அந்த போட்டோ அவர்களிடம்தானே இருந்திருக்கும்?

ஸ்டேஷன் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. சூரியன் மறைந்தபின் ஒரு பெண்ணைக் கைது செய்வதென்றால், விதிவிலக்கான சூழ்நிலையாக இருக்க வேண்டும். பெண் அதிகாரி வேண்டும், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும். நான் வாதாடத் தேவையே வரவில்லை. குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 35(3)இன் கீழ் விசாரணைக்கு வரச்சொல்லி நோட்டீஸ் கொடுத்து ஸ்டேஷன் ரைட்டர் அனுப்பிவிட்டார். சும்மா பெட்டி கேஸ் என்றுதான் நினைத்தோம்.

எஃப்.ஐ.ஆர். நகலைப் பார்த்த பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் சட்டமான பி.என்.எஸ்.ஸின் 305ஆம் பிரிவைப் போட்டிருந்தார்கள். வீட்டிலோ, பொருட்களை வைத்துக் காக்கும் கட்டடத்திலோ நடக்கும் திருட்டுக்கான பிரிவு அது. ஏழு ஆண்டு வரை சிறை, ஜாமீனில் விட முடியாத குற்றம். கடையும் அப்படியொரு கட்டடம்தான் என்பது அவர்கள் கணக்கு.

வக்கீலுக்குச் செலவாகவில்லை. பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. சட்ட உதவி எண்ணான 15100க்கு போன் செய்தால் வழி சொல்வார்கள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு கொடுத்த வக்கீல் இளம்பெண். எஃப்.ஐ.ஆரைப் படித்ததும், "303(2) போட வேண்டியதை இப்படி இழுத்து வெச்சிருக்காங்க சார்" என்றார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.ஸில், சாதாரணத் திருட்டுக்கான இந்த 303(2)இன்படி, திருட்டுப் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, முதல் தண்டனையாகவும் இருந்து, பொருளோ அதன் மதிப்போ திரும்பக் கொடுக்கப்பட்டால், தண்டனை சமூக சேவைதான். அது ஜாமீனில் விடக்கூடிய குற்றமும்கூட. பொருள் கடை வாசலைத் தாண்டவே இல்லை. சீல் உடையாத பெட்டிகளை அன்றே திருப்பி வாங்கிக்கொண்டதாகப் புகாரில் அவர்களே எழுதியிருந்தார்கள்.

வக்கீல் மனு மேல் மனு போட்டு, கடைசியில் போலீஸ் பிரிவை மாற்றி கோர்ட்டுக்கு ஆல்டரேஷன் ரிப்போர்ட் அனுப்பியது. அப்புறம் எல்லாம் கொஞ்சம் இலகுவானது. 303(2)இல் பொருளின் சொந்தக்காரர் சம்மதித்தால் சமரசமாகப் போகலாம். கடையின் தலைமை அலுவலகத்துக்கு வக்கீல் எழுதினார். அவர்களுக்கும் 1,340 ரூபாய்க்காக ஆள் அனுப்பி கோர்ட் படியேறும் ஆசை இல்லை. கடை சார்பில் வந்தவர் கம்பெனி சீல் வைத்த அதிகாரக் கடிதத்தை மறந்துவிட்டு வந்தார். அதற்கு ஒரு வாய்தா. அடுத்த முறை ஜுடீஷியல் மாஜிஸ்திரேட் (ஜே.எம்.) கோர்ட்டில் மாஜிஸ்திரேட் அவரைப் பார்த்து, "யாராவது சொல்லி ஒத்துக்கிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றார். சமரசம் பதிவானால் சட்டப்படி அது விடுதலைதான்.

இனி வேலைக்கான விண்ணப்பங்களில் "உங்கள் மீது வழக்கு இருந்ததா?" என்ற கட்டம் வரும். முடிந்துபோன கதைதானே, இல்லை என்று போட்டுவிடலாம் என்றார் மச்சான். வக்கீல் உடனே தடுத்தார். அவதார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம், வழக்கு விவரத்தை உண்மையாகச் சொல்ல வேண்டும், மறைப்பதே வேலைக்கு ஆபத்தாகலாம் என்று சொல்லியிருக்கிறதாம். சரி, ஆம் என்றே எழுதி, தீர்ப்பின் சான்றிட்ட நகலை இணைப்பது என்று முடிவானது. நகல் மனு போடும்போதே கூடுதல் பிரதிகளும் கேட்டு வாங்கிக்கொண்டோம்.