படத்துக்குக் கீழே ஒரு பேர்

எட்டு வருசமாக இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இளம் பிள்ளைகளைப் படம் எடுத்து வருகிறேன். குடும்பத்தை நடத்துவது கல்யாண வீட்டு வேலை. இது ஞாயிறும் போயா என்கிற பௌர்ணமி லீவும் கிடைக்கும்போது செய்வது. நானும் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவன்தான்.

மலைக்குளிரில் நடந்துபோய் அடுப்பு எரிகிற காம்பராவுக்குள், அதாவது லயத்து அறைக்குள், நுழைந்தால் லென்ஸில் ஆவி படிந்துவிடும். துடைத்தால் திரும்பவும் படியும். பத்து நிமிசம் பொறுத்துத்தான் ஆக வேண்டும். ஆரம்பத்தில் அது பெரிய எரிச்சலாக இருந்தது. இப்போது கமராவை ஒரு பக்கம் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். தேத்தண்ணி வரும், பேச்சு வரும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் யார் எந்த மூலையில் படிக்கிறார்கள், புத்தகங்கள் மழை ஒழுகாத எந்த இடத்தில் அடுக்கியிருக்கின்றன என்பதெல்லாம் அந்த நேரத்தில்தான் கண்ணில் படும்.

அப்படி ஒரு நாள் உட்கார்ந்திருக்கும்போது, ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற தங்கச்சி ஒருத்தி சொன்னாள்: “அண்ணே, கூடையோட மட்டும் எடுத்துறாதீங்க. அந்தப் படம்தான் தேயிலப் பெட்டி பூரா இருக்கே.” அவள் அம்மா கொழுந்து எடுக்கிறவர். அம்மாவின் வேலையில் அவளுக்கு வெட்கம் கிடையாது. பெட்டியில் இருக்கிற பெண்ணுக்குப் பேர் இல்லை, அதுதான் அவள் கோபம்.

பொகவந்தலாவை சென்ட் மேரிஸ் தேவாலய வளவில் ஜூலியா மார்கரெட் கேமரனின் கல்லறை இருக்கிறது. இங்கிலாந்தில் டார்வினையும் டென்னிசனையும் படம் எடுத்துப் புகழ்பெற்றவர். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இந்த மலையிலேயே இறந்தார். இங்கேயும் உழைக்கிற சனங்களைப் படம் எடுத்திருக்கிறார். 1878இல் எடுத்த ஒன்றின் தலைப்பு ‘களுத்துறைக் குடியானவர்கள்’, அவ்வளவுதான். அந்தக் கல்லறை முன்னால் நிற்கும்போதெல்லாம், படத்தில் உள்ள மூன்று பேரையும் வீட்டில் என்னவென்று கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைப்பேன்.

அதே தவறு என் படத்துக்கும் நடந்தது. முன்பள்ளியில் படிப்பிக்கிற ஒரு பிள்ளையை, இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில், மடிக்கணினியோடு உட்கார்ந்து பாடம் தயார்செய்யும்போது எடுத்திருந்தேன். முதல் இரண்டு மாதச் சம்பளத்தில் வாங்கிய பழைய கணினி. ஒரு நிறுவனம் ஆண்டறிக்கைக்குப் படம் கேட்டது, கொடுத்தேன். அச்சில் வந்தபோது கணினியை வெட்டியிருந்தார்கள். சாயம் உரிந்த சுவரும் அவள் முகமும்தான் மிச்சம். கீழே ‘வறுமையில் வாடும் தோட்டத்து யுவதி’ என்று போட்டிருந்தார்கள். யாரோ அதை அவளுக்கு அனுப்பிவிட்டார்கள். மன்னிப்புக் கேட்கப் போனேன். அவள் அப்பா நாற்காலி போட்டார், தேத்தண்ணியும் கொடுத்தார். அவள் வெளியே வரவேயில்லை.

அன்றிலிருந்து படத்தை வெட்டக்கூடாது, கீழே உள்ள வரியை மாற்றக்கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்காமல் யாருக்கும் கொடுப்பதில்லை. அந்த வரியைப் படத்தில் இருப்பவருக்கு வாசித்துக் காட்டுவேன், அவர் திருத்துவார். இதனால் இரண்டு வேலை கைவிட்டுப் போனது. போகட்டும்.

கொழும்பு வெள்ளவத்தை உடுப்புக்கடையில் வேலை செய்கிற ஒரு தம்பியை நாலு தீபாவளியாக எடுத்திருக்கிறேன். நாட்சம்பளம் 1,000 ரூபாய் வேண்டும் என்று தோட்டத்துச் சனம் வருசக்கணக்காகப் போராடி, 2021இல்தான் அது கிடைத்தது. அதற்கு முன்பே அவன் கொழும்புக்குப் போய்விட்டான். அங்கே ஊர் கேட்டால் ‘ஹட்டன்’ என்பதோடு நிறுத்திக்கொள்வான், தோட்டத்தின் பேர் வாயில் வராது. 1948 குடியுரிமைச் சட்டம் அவன் தாத்தாவை நாடற்றவர் ஆக்கியது. பேரனின் பிறப்புச் சான்றிதழில் இன்னும் ‘இந்தியத் தமிழர்’ என்றிருக்கிறது. “தாத்தாவே இந்தியாவப் பாத்ததில்லண்ணே” என்பான். 2023இல், நம் சனம் இந்தியாவிலிருந்து வந்து 200 வருசமானதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அப்போது கடையில் லீவு போட்டுவிட்டு இரண்டு நாள் நடந்தான். அடுத்த தீபாவளிக்கு அவனே கேட்டான்: “அம்மா வேலைய விடுறாங்க. கூடையோட ஒன்னு எடுங்கண்ணே. நானும் பக்கத்துல நிக்கிறேன்.” எடுத்தேன். கூடையின் பட்டியை அம்மா நெற்றியில் சரிசெய்துவிட்டதும் அவன்தான்.

பெட்டிப் படத்தைப் பற்றிச் சொன்ன தங்கச்சிக்கு ஏ.எல். நல்லபடி வந்தது. ஆனால் ஒரு நேர்முகத் தேர்வுக் கடிதம், தேதி முடிந்து ஒன்பது நாள் கழித்துத்தான் கைக்கு வந்தது. லயத்துக்குத் தனி விலாசம் இல்லை. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வரும், அங்கிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு. அந்த உறையை எறியாமல் வைத்திருக்கிறாள். அதைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றாள், அவளே தேர்ந்த இடம். மூன்று முறைதான் அழுத்தினேன்.

படத்துக்குக் கீழே என்ன போடட்டும் என்று கொப்பியை நீட்டினேன். தன் பேரை எழுதினாள். பிறகு தோட்டம், டிவிசன், லயத்து நம்பர், காம்பரா நம்பர். ஒவ்வொன்றாக, ஒரு வரிக்கு ஒன்றாக, கடித உறையில் விலாசம் எழுதுவது போலவே எழுதினாள்.

“எழுத்துப்பிழை இல்லாமப் போடுங்கண்ணே” என்று சொல்லிக் கொப்பியைத் திருப்பித் தந்தாள்.