ஒன்பதாவது வளைவு

நேற்று மறுபடியும் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் பேருந்தில், ஜன்னலோரம். ஆழியாறு வரை சமவெளி, அப்புறம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் மொத்த ஆழியாறு அணையும் காலடியில் விரிகிறது. வெள்ளைக்காரர் காலத்தில் இந்தப் பாதையைப் போட்ட பொறியாளர் லோம் பெயரில்தான் அந்த இடம் இன்னும் ‘லோம்ஸ் வியூ’. காப்பிக்கும் தேயிலைக்கும் காட்டை அழித்து வந்த சாலை. கல்லுடைத்த கூலிகளின் பெயர் ஒரு வளைவிலும் இல்லை, அது எனக்கு உறுத்துகிறது.

கைப்பிடிச் சுவரையொட்டி ஒரு வரையாடு, ஹாரனுக்கும் அசையாமல் மென்றுகொண்டு நின்றது. அட்டகட்டி, ரொட்டிக்கடை தாண்டிப் புதுத்தோட்டம். அங்கே சோலைமந்திகள் அடிபடாமல் கடக்க சாலைக்கு மேலே கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். தாய் ஒன்று வயிற்றைக் கட்டிக்கொண்ட குட்டியோடு நிதானமாகக் கடந்தது. ஓட்டுநர் வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். நன்றிண்ணே!