எந்த வால்வை மூடுவது? பிம் மாடல் டிஜிட்டல் ட்வின் ஆன அனுபவம்

கட்டடத்தின் ஒவ்வொரு பகுதியையும் விவரங்களோடு கணினியில் முப்பரிமாணத்தில் வரையும் முறைதான் பிம். சிங்கப்பூரில் கட்டட வேலை பார்ப்பவர்களுக்கு அது புதிதல்ல. 5,000 சதுர மீட்டருக்கு மேல் தளப்பரப்பு கொண்ட புதுக் கட்டடங்களுக்கு 2015 முதலே அனுமதி விண்ணப்பத்தோடு முப்பரிமாண மாடலும் போக வேண்டும். நான் எம்ஈபி (ஏசி, மின்சாரம், குழாய் வேலைகள்) ஒருங்கிணைப்பாளன். கீழே கடைகள், அதற்கு மேல் நாற்பது மாடிகளைத் தாண்டும் வீடுகள் என்று எழுந்த ஒரு கோபுரத்தில், வரைபடக் கட்டத்திலிருந்து டிஜிட்டல் ட்வின் (சென்சார் தகவலோடு இணைந்து கட்டடத்தின் நிலையைக் காட்டும் மாடல்) ஓடத் தொடங்கும்வரை இருந்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

கட்டமைப்பு, கட்டடக்கலை, எம்ஈபி மாடல்களை நேவிஸ்வொர்க்ஸ் மென்பொருளில் ஒன்றாகச் சேர்த்ததும் கிளாஷ், அதாவது ஒன்றோடொன்று இடிக்கும் இடங்கள், ஆயிரக்கணக்கில் வரும். பயப்பட வேண்டாம். ஒரு டக்ட் (காற்று போகும் குழாய்) ஒரு பீமில் மோதினால் அதன் இன்சுலேஷன், ஃபிளேஞ்ச், ஹேங்கர் ஒவ்வொன்றும் தனிக் கிளாஷாகக் கணக்கில் ஏறும். இடவாரியாகத் தொகுத்தால் பட்டியல் வெகுவாகச் சுருங்கிவிடும். பிறகு யார் விட்டுக்கொடுப்பது என்ற பேச்சு வரும். கழிவுநீர்க் குழாய்க்குச் சரிவு வேண்டும், அதனால் அது முதலில். அடுத்து பெரிய டக்ட், பிறகு அழுத்தக் குழாய்கள், கடைசியில் கேபிள் டிரே. இந்த வரிசையை முதல் கூட்டத்திலேயே எல்லோரும் ஒப்புக்கொண்டால் பின்னால் சண்டை குறையும்.

உயரக் கட்டடத்துக்கென்றே ஒரு பொறி உண்டு, அதுதான் ‘டிப்பிக்கல் ஃபுளோர்’. ஒரு மாடியை வரைந்து மேலே நகலெடுத்துக்கொண்டே போகலாம் என்று தோன்றும். ஆனால் மேலே போகப் போகத் தூண் சிறுக்கும், ஷியர் சுவர் (பக்கவாட்டு விசையைத் தாங்கும் சுவர்) மெலியும். சுவர் மெலிந்தால் குழாய்கள் செல்லும் ஷாஃப்டின் உள்முகம் நகரும், அதோடு ரைசர் (மாடிகளைக் கடந்து மேலேறும் குழாய்) நுழைய விடும் ஸ்லீவ் என்ற துளையும் நகர வேண்டும். தவறான இடத்தில் ஸ்லீவ் வைத்து காங்கிரீட் ஊற்றிவிட்டால் அப்புறம் காங்கிரீட்டைத் துளைத்து கோர் போட வேண்டியதுதான். போஸ்ட் டென்ஷன் ஸ்லாபில் அது ஆபத்து, உள்ளே இழுத்துக் கட்டிய டெண்டன் என்ற எஃகுக் கம்பி அறுபடலாம். அதனால் சுவர்த் தடிமன் மாறும் ஒவ்வொரு மாடியையும் புது மாடியாகவே எடுத்துப் பார்த்தோம். 40 மாடிகளுக்கு மேற்பட்ட குடியிருப்புகளில் 20 மாடிகளுக்குள் ஒரு புகலிடத் தளம் (தீயின்போது ஒதுங்கி நிற்கும் தளம்) இருக்க வேண்டும் என்பது இங்கே தீயணைப்பு விதி. அந்தத் தளத்தைக் கடக்கும் குழாய்களுக்கும் தனியாக உட்கார்ந்தோம்.

தண்ணீர் இன்னொரு பாடம். 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1 பார் அழுத்தம். கூரைத் தொட்டியிலிருந்து 130 மீட்டர் நேராக இறக்கினால் கீழ் வீட்டுக் குழாயில் 13 பார் நிற்கும். சாதாரண வீட்டு ஃபிட்டிங் அதைத் தாங்கிக்கொண்டு காலந்தள்ளாது. அதனால் கோபுரத்தை மண்டலங்களாகப் பிரித்து, அழுத்தம் குறைக்கும் வால்வுகள் வைக்கிறோம். எந்த வால்வு எந்த மாடிகளுக்கு என்பது வடிவமைப்பாளருக்கு மனப்பாடம். அவர் போன பிறகு யாருக்குத் தெரியும்?

ஒப்படைப்புக்கு முன் பராமரிப்புக் குழுவின் மூத்த சூப்பர்வைசரிடம் மாடலைக் காட்டினோம். பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, படம் நல்லா இருக்கு. 27ஆம் மாடியில தண்ணி ஒழுகுதுன்னு ராத்திரி போன் வருது. நான் எந்த வால்வ மூடணும்? இது சொல்லுமா?”

“இப்போதைக்குச் சொல்லாதுண்ணே” என்றேன்.

குழாய்கள் திரையில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அவை ஒரே சிஸ்டமாக இணைக்கப்படவில்லை. துணை ஒப்பந்தக்காரர்கள் வரைந்தது பொருத்துவதற்காக, அவர்களுக்கு அளவு சரியாக இருந்தால் போதும். அனுமதிக்கான மாடல் விதிகளைச் சரிபார்க்கத் தேவையானதைச் சொல்லும். 2023 டிசம்பரில் வந்த கோர்நெட் எக்ஸ் என்ற அரசு அனுமதித் தளத்துக்கு ஐஎஃப்சி எஸ்ஜி என்ற கோப்பு வடிவில் கொடுக்கிறோமே, அதுவும் அப்படித்தான். பராமரிப்பவருக்கு வேண்டியது வேறு, அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

அதன் பிறகு நடந்ததுதான் உண்மையான வேலை. ஒரே வால்வுக்கு வரைபடத்தில் ஒரு பெயர், பிஎம்எஸ் என்ற கட்டட நிர்வாகக் கணினி அமைப்பில் ஒரு பெயர், அதில் தொங்கும் தகட்டில் இன்னொரு பெயர். மூன்றையும் ஒன்றாக்காமல் எந்த ட்வினும் ஓடாது. சைட்டில் நடந்து, தகட்டைப் படித்து, மாடலில் திருத்தினோம். சலிப்பான வேலைதான், ஆனால் முழு முயற்சியிலும் பணத்துக்கு மதிப்பு தந்த பகுதி இதுவே என்பேன். ஃபால்ஸ் சீலிங் மூடுவதற்கு முன் தாழ்வாரங்களையும் ரைசர்களையும் லேசர் ஸ்கேன் எடுத்து, கட்டியதும் மாடலும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தோம். போல்ட், ஹேங்கர் போன்ற வடிவ நுணுக்கங்களைக் கழித்துவிட்டோம். அவை இருந்தால் டேப்லெட்டில் மாடல் நகராது.

சென்சார் விஷயத்தில் என் கருத்து உறுதியானது: கொஞ்சம் போதும், ஆனால் அதற்குப் பொறுப்பாக ஓர் ஆள் வேண்டும். பம்ப் அழுத்தம், தொட்டி மட்டம், மண்டலவாரி நீரோட்டம் என்று தொடங்கினோம். எல்லோரும் தூங்கும் விடியற்காலை மூன்று மணிக்கும் ஒரு மண்டலத்தில் ஓட்டம் இறங்கவில்லை என்றால் எங்கோ கசிகிறது. இப்போது அந்த எச்சரிக்கையைத் தொட்டால் மண்டலம், அதற்கான ரைசர், மூட வேண்டிய வால்வு, அதற்குப் போகும் கதவு வரை திரையில் வருகிறது.

அடுத்த கவலை கடைத்தளங்கள். வாடகைக்கு வருபவர் மாறும்போதெல்லாம் சீலிங்குக்கு மேலே டக்டும் ஸ்பிரிங்ளரும் மாறும். மாடலை யார் திருத்துவது என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் சில வருடங்களில் அது பொய் சொல்லத் தொடங்கிவிடும். உள்வேலை முடிந்ததும் திருத்திய மாடலைக் கொடுத்தால்தான் வைப்புத்தொகை திரும்பும் என்று ஒரு விதி சேர்க்கச் சொன்னோம். நிர்வாகம் ஒப்புக்கொண்டது. நீங்கள் ஒப்பந்தம் எழுதும் இடத்தில் இருந்தால், வால்வுப் பட்டியலோடு இந்த விதியையும் டெண்டரிலேயே போட்டுவிடுங்கள். ஒப்படைப்பு நேரத்தில் கேட்டால் இரண்டுக்கும் கூடுதல் பணம் கேட்பார்கள்.